மாங்குளம் சந்தியில் எத்தனை மணிக்கு? வன்னியின் பஸ் சேவையும் புவியியல் தகவல் முறைமையும்

நகரங்களுக்குப் பஸ் சேவை திட்டமிடுகிறவர்களின் கணக்குகளில் 400 மீற்றர் என்ற எண் அடிக்கடி வரும். ஐந்து நிமிட நடைத் தூரம் அது. தரிப்பிடம் ஒன்றைச் சுற்றி அந்த அளவில் வட்டம் போட்டு, உள்ளே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 3,400 பேரளவில் இருந்தார்கள். ஆகவே அங்கே ஒரு வட்டத்துக்குள் 1,700 பேர் வருவார்கள். முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றர் சொச்சம். அதே கணக்கெடுப்பில் சனத்தொகை 92,000 அளவில். சதுர கிலோமீற்றருக்கு 35 பேர். அந்த வட்டத்தை அங்கே போட்டால் உள்ளே 17, 18 பேர்தான் அகப்படுவார்கள். நாலைந்து வீட்டுச் சனம்.

நகரத்துச் சூத்திரத்தை அப்படியே தூக்கிவந்து வன்னியில் வைத்தால், “இங்கே பஸ் ஓட்டுவது வீண்” என்றுதான் கணினி சொல்லும். கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறது. வரைபடத்தோடு தரவைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற கணினி முறைதான் புவியியல் தகவல் முறைமை. அது வன்னிக்கு உதவும், நன்றாகவே உதவும். ஆனால் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பெருநகரத்தில் வீதிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் எந்த வீதியால் பஸ்ஸை விடுவது என்பதே பெரிய தலையிடி. வன்னியில் அதைச் சாலைகள் எப்போதோ முடிவு செய்துவிட்டன. மிச்சமிருப்பது நேரம்: எத்தனை மணிக்கு வரும், எந்தச் சந்தியில் எதனோடு சேரும், திரும்பி வர பஸ் உண்டா என்பவை.

சாலைகளை ஒருமுறை பார்த்துவிடுவோம். நடுவே கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9. பரந்தனில் இருந்து ஏ35 தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி வட்டுவாகல் பாலத்தால் முல்லைத்தீவுக்குப் போகிறது. மாங்குளத்தில் இருந்து ஏ34 ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக அதே முல்லைத்தீவில் போய் முட்டுகிறது. இரண்டுமே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் ஒரு கிளை. புளியங்குளத்தில் இருந்து நெடுங்கேணிக்கு ஒன்று. கரையோரமாகப் பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று மன்னார்ப் பக்கம் இறங்குகிற ஏ32. தெற்கே வவுனியாவில் இருந்து செட்டிகுளம் வழியாக ஏ30. இவற்றை விட்டால் குளக்கட்டு வீதிகளும் கிரவல் றோட்டுகளும்தான்.

இந்தப் படத்தைக் கணினி கோட்டுருவமாக வைத்துக்கொள்கிறது. சந்திகள் புள்ளிகள், சாலைத் துண்டுகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவு: தூரமாகவும் இருக்கலாம், நிமிடமாகவும் இருக்கலாம். ஒரு புள்ளியில் இருந்து இன்னொன்றுக்கு மிகக் குறைந்த செலவில் போகும் வழியைக் கண்டுபிடிக்கிற முறையை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்டார். இன்று கைத்தொலைபேசி வழிகாட்டிகளுக்குள் இருப்பதும் அதன் வழிவந்த முறைகள்தான். 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதை இந்தக் கோட்டுருவத்தில் சேர்த்துப் பாருங்கள். சேர்வது ஒரேயொரு கோடு. பாதைப்படகை நம்பாமல் தரைவழியே யாழ்ப்பாணம் போவதென்றால் பரந்தனுக்கு வந்து ஆனையிறவு சுற்ற வேண்டியிருந்த பூநகரிச் சனம் நேரே நாவற்குழிக்குப் போகலாம் என்றாகிறது. மாறுவது பூநகரியின் கணக்கு மட்டுமல்ல. முழங்காவிலுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் எது கிட்டின நகரம் என்பதும் மாறுகிறது. எந்தக் கோட்டைத் தொட்டால் எத்தனை ஊரின் நேரம் மாறும் என்று சில நொடியில் காட்டுவதுதான் இந்த முறைமையின் முதல் பயன்.

அடுத்தது ஆட்கள். இங்கேதான் வன்னியின் தரவு சறுக்கும். சனத்தொகை கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிரிவு என்றால் நடந்தே சுற்றி வந்துவிடலாம். வன்னியில் ஒரு பிரிவுக்குள்ளேயே காடு, குளம், வயல், மேய்ச்சல் நிலம் எல்லாம் அடங்கும். சனத்தைப் பிரிவின் நடுப்புள்ளியில் வைத்துக் கணக்குப் பார்க்கிற வழக்கம் உண்டு. அந்த நடுப்புள்ளி போய்க் காட்டுக்குள் விழும், சில வேளை குளத்துக்குள்ளேயே விழும். அப்படி விழுந்த புள்ளிக்கும் மென்பொருள் முகம் சுளிக்காமல் “மிக அருகிலுள்ள சாலை 4 கிலோமீற்றர்” என்று விடை தரும். உண்மையில் அந்தப் பிரிவின் சனம் முழுக்கச் சாலையோரமாகவும் வாய்க்கால் ஓரமாகவும் வரிசையாகக் குடியிருக்கும்.

இதற்கு வழி, காட்டையும் நீரையும் முதலில் கழித்துவிட்டு, மிச்ச நிலத்தில் கட்டடங்கள் இருக்கிற இடத்துக்குச் சனத்தைப் பகிர்ந்து விடுவது. செய்மதிப் படங்களில் இருந்து எடுத்த கூரைத் தரவு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலும் பலருடைய கை உழைப்பில் வன்னியின் வீதிகளும் கட்டடங்களும் ஏறியிருக்கின்றன. என்றாலும் செய்மதிக்குக் கூரைதான் தெரியும், அடுப்பு எரிவது தெரியாது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீடு கட்டிப் பூட்டிவைத்துவிட்டு வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் உண்டு. ஒரே வளவில் மூன்று குடும்பம் இருக்கிற இடமும் உண்டு. கிராம அலுவலரிடம் இருக்கிற குடும்பப் பதிவையும் கூரைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.

சின்ன விசயம் ஒன்று, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. கைத்தொலைபேசி தருகிற அமைவிடம் பாகைக் கணக்கில் இருக்கும். அதைக் கியூஜிஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் போட்டு, மாற்றாமலே “சுற்றி 1” என்று வட்டம் கேட்டால், மென்பொருள் 1 பாகையை எடுத்துக்கொள்ளும். வன்னியில் அது 110 கிலோமீற்றர். கிளிநொச்சியில் இருந்து போட்ட வட்டம் யாழ்ப்பாணத்தையும் தாண்டிக் கடலில் நிற்கும். மீற்றரில் அளக்கிற ஆள்கூற்று முறைகளான இலங்கை 1999 வலையத்துக்கோ யூரிஎம் 44 வடக்கு வலயத்துக்கோ மாற்றிக்கொண்டால் மீற்றரில் வேலை செய்யலாம்.

சரி, 400 மீற்றர் வட்டத்துக்குத் திரும்புவோம். வன்னியில் பஸ் ஏறுகிறவர் எப்படிச் சந்திக்கு வருகிறார்? நடந்தும் வருகிறார்கள். நிறையப் பேர் சைக்கிளில் வருகிறார்கள். சைக்கிளைத் தெரிந்த கடையிலோ சொந்தக்காரர் வீட்டிலோ விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். மணிக்கு 12 கிலோமீற்றர் என்று ஆறுதலாக மிதித்தாலும் கால் மணித்தியாலத்தில் 3 கிலோமீற்றர். அந்த ஆரையில் வட்டம் போட்டால் பரப்பு 28 சதுர கிலோமீற்றர். முல்லைத்தீவின் சராசரியிலேயே உள்ளே கிட்டத்தட்ட 1,000 பேர் வருவார்கள். நடையை வைத்தால் 18, சைக்கிளை வைத்தால் 1,000. பஸ் ஓட்டுவது வீண் என்ற முடிவு இந்த ஒரு மாற்றத்தில் கவிழ்ந்துவிடும். வட்டமும் வெறும் வட்டமாக இருக்கக் கூடாது. வாய்க்காலுக்கு மறுபக்கம் 500 மீற்றரில் இருக்கிற வீட்டுக்காரர் மதகு வரை சுற்றிவர 2 கிலோமீற்றர் போக வேண்டியிருக்கும். ஆகவே வீதி வழியே அளந்த எல்லையைத்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. உட்கிராமத்துக்குள் நாளுக்கு ஒருமுறை போய்வருகிற பஸ் ஒன்றுக்குச் செலவாகிற காசில், பிரதான சந்திகளில் பூட்டி விடக்கூடிய சைக்கிள் கொட்டில்கள் போட்டால் கூடுதல் ஆட்களுக்குப் பயன் கிடைக்கும். வயதானவர்களுக்கு இது பொருந்தாது என்பதும் தெரிந்ததுதான். அவர்களுக்காகக் கிளினிக் நாளில் மட்டும் உள்ளே போகிற பஸ் வேண்டும்.

ஓடுகிற பஸ்ஸையே தரவாக்குவது எப்படி? ஒருவர் கைத்தொலைபேசியோடு பஸ்ஸில் ஏறிச் சில நொடிக்கு ஒருமுறை அமைவிடத்தைப் பதியவிட்டால் போதும். நைரோபியில் மட்டாட்டு எனப்படும் தனியார் சிற்றூர்திகளின் வழித்தடங்களை இப்படித்தான் பல்கலைக்கழக மாணவர்கள் ஏறி இறங்கிப் பதிந்தார்கள். 2014 இல் வெளிவந்த அந்த வரைபடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வழித்தடங்கள் இருந்தன. அதுவரை ஒரு அலுவலகத்திலும் இல்லாத வலையமைப்பு அது. பதிந்ததை ஜிரிஎஃப்எஸ் என்ற பொது வடிவில் வைத்தால் உலகின் எந்தப் பயணத் திட்ட மென்பொருளும் வாசிக்கும். 2005 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகிளும் சேர்ந்து தொடங்கிய வடிவம் இது. உள்ளே இருப்பவை வெறும் எழுத்துக் கோப்புகள்: தரிப்பிடம், வழித்தடம், ஓட்டம், நேரம். கையைக் காட்டின இடத்தில் நிற்கிற பஸ்ஸுக்குத் தரிப்பிடம் எதைப் போடுவது என்று கேட்பீர்கள். வழியெங்கும் ஏற்றி இறக்கும் சேவை என்று குறிக்கவும் இப்போது அதில் இடமிருக்கிறது.

பதிந்த தடத்தை விரித்துப் பார்த்தால் புள்ளிகள் ஐதாக இருக்கிற இடத்தில் பஸ் ஓடியிருக்கிறது, நெருக்கமாக இருக்கிற இடத்தில் நின்றிருக்கிறது. ஏ9 இல் அப்படி ஒரு குவியல் முறிகண்டியில் கட்டாயம் இருக்கும். பஸ் ஓரங்கட்டும். சனம் இறங்கும். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பிள்ளையாரைக் கும்பிட்டுத் திருநீறு பூசி, திரும்பி வரும்போது கையில் கச்சான் சரை இருக்கும். சாரதியும் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். மென்பொருளுக்கு இது விளங்காது. அந்தக் குவியலை வாகன நெரிசல் என்று எடுத்துக்கொள்ளும். அல்லது தவறான பதிவு என்று வெட்டி எறியும். கொழும்பில் மேசையில் இருந்து அட்டவணை போடுகிறவரும் “காரணமில்லாத தாமதம்” என்று அந்த நிமிடங்களைக் குறைத்துவிடலாம். குறைத்தாரோ, அன்றிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸும் மாங்குளத்துக்குப் பிந்தித்தான் வரும். முறிகண்டி நிறுத்தம் அட்டவணைக்குள் எழுதப்பட வேண்டிய நிறுத்தம். கச்சான் வாங்குகிற நேரத்தையும் சேர்த்துத்தான்.

இனி நேரத்துக்கு வருவோம். நகரத் திட்டமிடலில் பழைய விதி ஒன்று உண்டு: பயணி சராசரியாக, பஸ் வருகிற இடைவெளியில் பாதி நேரம் காத்திருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் ஐந்து நிமிடம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற ஊரில் யாரும் அப்படி வந்து நிற்க மாட்டார்கள். ஒன்பதரை பஸ்ஸுக்கு ஒன்பதேகாலுக்கு வருவார்கள். முதல் ஏற்றத்தில் இழப்பு இல்லை. சந்தியில் இறங்கி மற்ற பஸ்ஸுக்கு மாறுகிறபோதுதான் அந்தப் பாதிக் கணக்கு கழுத்தைப் பிடிக்கிறது. மல்லாவியில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிறவர் மாங்குளத்தில் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சேவையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஓடினால், மாங்குளத்தில் சராசரிக் காத்திருப்பு ஒரு மணித்தியாலம். அதே பஸ்கள், அதே எண்ணிக்கை, அதே டீசல். நேரத்தை மட்டும் பொருத்தினால் பத்து நிமிடம்.

இந்த வித்தையை நாடளவில் செய்து காட்டியவர்கள் சுவிஸ்காரர்கள். பேர்னிலோ சூரிச்சிலோ இருக்கிற உங்கள் சித்தப்பாவைக் கேட்டால் சொல்லுவார்: ரயில் வருகிற நேரத்துக்கு மஞ்சள் போஸ்ட் பஸ் நிலைய வாசலில் நிற்கும், ஆட்கள் மாறி ஏறினதும் எல்லாம் ஒன்றாகப் புறப்படும், அடுத்த மணியும் அப்படியே. 1982 மே மாதத்தில் நாடு முழுவதும் இந்த ஒழுங்கான இடைவெளி அட்டவணைக்கு மாறியது. 1987 இல் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்த பாஃன் 2000 என்ற ரயில் திட்டம் 2004 டிசம்பரில் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. அதில் பேர்னுக்கும் சூரிச்சுக்கும் இடையே புதிய பாதை போட்டு ஓட்ட நேரத்தை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் வேகம் தேடவில்லை. இரண்டு நகரிலும் மணி அடிக்கிற நேரத்தில் ரயில்கள் சந்திக்க அது போதும்.

மாங்குளத்துக்கு இந்தக் கணக்கைப் போடலாம். முல்லைத்தீவுக்கு ஒரு வழி ஓட்டம் 80 நிமிடம் என்று எடுத்துக்கொள்வோம். போய்வர 160, இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் ஆறுதல், மொத்தம் 180. மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 180 ஐ 60 ஆல் பிரிக்க மூன்று பஸ் போதும். ஒவ்வொன்றும் சரியாக மூன்று மணித்தியாலத்தில் மாங்குளத்துக்குத் திரும்பும், ஏ9 பஸ்களோடு சேரும். இப்போது எங்கோ ஒரு துண்டுச் சாலை குண்டும் குழியுமாகி ஒரு வழிக்குப் பத்து நிமிடம் கூடுகிறது. மொத்தம் 200. பிரித்தால் மூன்றேகால் சொச்சம். மூன்றேகால் பஸ் எங்கே வாங்குவது? ஒன்றில் நாலாவது பஸ், நாலாவது சாரதி, நாலாவது நடத்துநர். அல்லது மூன்று பஸ்ஸையே 67 நிமிடத்துக்கு ஒருமுறை விட வேண்டும்: 7.00, 8.07, 9.14 என்று யாருக்கும் மனதில் நிற்காத நேரங்கள், இரண்டாவது ஓட்டத்திலேயே மாங்குளத்தில் இணைப்பு அறுந்துபோகும். வீதித் திருத்தத்துக்கு எங்கே முதலில் காசு போடுவது என்று கேட்டால், எந்தத் துண்டைத் திருத்தினால் ஒரு முழு பஸ் மிச்சமாகிறதோ அந்தத் துண்டு என்று இந்த முறைமை விரலால் சுட்டிக் காட்டும். வேறெங்கோ பத்து நிமிடம் மிச்சம் பிடித்தாலும் அது முனையில் நின்று தேத்தண்ணி குடிக்கிற நேரமாகத்தான் போகும்.

மாரியையும் சேர்க்க வேண்டும். கோட்டுருவத்தில் கோட்டின் செலவு ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை மழை பிடித்தால் வட்டுவாகலில் ஒற்றை வாகனம் போகிற பழைய பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு நினைவிருக்கும். வட்டுவாகலுக்கான கோடு இல்லையென்று வைத்துக் கணக்கை ஓடவிட்டால், புதுக்குடியிருப்பில் இருந்து முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குப் போக ஒட்டுசுட்டான் பக்கத்தால் சுற்ற எவ்வளவு நேரம் என்பது உடனே தெரியும். ஆகவே இரண்டு அட்டவணை வேண்டும்: கோடைக்கு ஒன்று, மாரிக்கு ஒன்று. விவசாயத்துக்குக் காலபோகம், சிறுபோகம் என்று பிரிக்கிற ஊரில் பஸ்ஸுக்கும் பிரிப்பது பெரிய புதுமை இல்லை.

எல்லாவற்றையும் கணினியிடமே விட்டால் அதுவே சிறந்த வலையமைப்பைத் தந்துவிடாதா? தராது. சந்திகள் கூடக் கூட, சாத்தியமான வழித்தடச் சேர்க்கைகள் எண்ணி மாளாத அளவுக்குப் பெருகும். 1979 இல் மாண்டில் என்பவர் 15 சந்தி கொண்ட ஒரு சிறு சுவிஸ் வலையமைப்பை வைத்து எழுதிய கணக்கை ஆய்வாளர்கள் இன்னமும் தங்கள் முறைகளைச் சோதித்துப் பார்க்கப் பாவிக்கிறார்கள். வன்னியின் பிரதான சந்திகளை எண்ணினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். அதற்கும் மேலே, எது “சிறந்தது” என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் 2015 ஓகஸ்டில் தன் பஸ் வலையமைப்பை ஒரே இரவில் மாற்றியது. அதற்கு முன் நிர்வாகசபை ஒரு முடிவெடுத்தது: வளத்தில் 80 சதவீதம் கூட்டம் ஏறுகிற இடத்துக்கு, 20 சதவீதம் ஆட்கள் குறைந்த இடத்துக்கும் சேவை போய்ச் சேர்வதற்கு. வன்னியில் அந்த வீதத்தை ஏறத்தாழத் தலைகீழாக வைக்க வேண்டிவரும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், “ஏன் பஸ் நட்டத்தில் ஓடுகிறது” என்ற கேள்விக்குப் பிறகு தடுமாறத் தேவையில்லை.

நேரத்தைப் பொருத்துவதில் உண்மையான முடிச்சு நிர்வாகத்தில் இருக்கிறது. 1958 இல் பஸ்கள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) என்ற ஒரே சபையின் கீழ் வந்தன. பழையவர்கள் இன்னமும் சீ.ரி.பி. பஸ் என்றுதான் சொல்வார்கள். 1979 க்குப் பிறகு தனியார் வந்தார்கள். இன்று இ.போ.ச. பஸ் மத்திய அரசின் கீழ், மாகாணம் விட்டு மாகாணம் போகிற தனியார் பஸ்ஸுக்கு அனுமதி தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம், மாகாணத்துக்குள் ஓடுவதற்கு மாகாண அதிகாரசபையிடம். மாங்குளம் சந்தியில் ஒரே நேரத்தில் நிற்கிற மூன்று பஸ் மூன்று இடத்துக்குக் கட்டுப்பட்டவை. ஒருவரை ஒருவர் முந்தி ஆள் பிடிக்கிறார்களே என்று கோபிக்கிறோம். மூன்று அட்டவணையையும் ஒரே படத்தில் போட்டால், ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் எத்தனை பஸ் ஒன்றையொன்று துரத்துகின்றன, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சந்தி வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதைச் சாரதிகளும் உரிமையாளர்களும் நேரக்காப்பாளரும் ஒன்றாக இருந்து பார்க்கலாம். பொருத்துவதற்கு நங்கூரமாக ரயிலை வைக்கலாம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலுக்கு மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் நிலையம் உண்டு, அதன் நேரம் யாருடைய போட்டிக்காகவும் மாறுவதில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்கையும் தனியாகப் பார்க்க வேண்டும். பயண நேர வரைபடங்கள் பெரும்பாலும் போகிற வழியை மட்டும் காட்டும். பிள்ளை காலை ஏழரைக்குள் பாடசாலையில் நிற்க வேண்டும், ஒன்றரைக்கு விட்டதும் திரும்ப வேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை. பின்னேர ரியூசனுக்கு நின்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதே, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, எந்தப் பாடம் படிப்பது என்பதைத் தீர்மானித்துவிடும். இன்னொன்று, மாணவர் பருவச்சீட்டு இ.போ.ச. பஸ்ஸுக்குத்தான். தனியார் பஸ் நாளெல்லாம் ஓடினாலும் பருவச்சீட்டை நம்பிய பிள்ளைக்கு அது ஓடாத பஸ். எனவே ஒரே ஊருக்கு இரண்டு வரைபடம் வேண்டும்: கையில் காசு வைத்திருப்பவருக்கு ஒன்று, பருவச்சீட்டோடு நிற்கிறவருக்கு ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எந்தெந்த ஊரில் அவை மிகக் கூடுதலாக வேறுபடுகின்றன என்று பார்த்து, இ.போ.ச. டிப்போக்களுக்கு வருகிற அடுத்த பஸ்களை அந்த ஊர்களின் காலை ஓட்டத்துக்கும் ஒன்றரை மணி ஓட்டத்துக்கும் ஒதுக்கலாம். இதற்கு வேண்டியது இலவச மென்பொருள், கைத்தொலைபேசிகள், பஸ்ஸில் ஏறிப் பதிய ஆட்கள். கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் அந்த பஸ்களில்தான் தினமும் போய்வருகிறார்கள்.